சத்தமில்லாத ஃபேன்

பீடத்திலிருந்து ஃபேனைத் தூக்கும்போது அவள் கையுறை போட மறந்துவிட்டாள். பின்னால் நின்ற எலக்ட்ரீஷியன் பதறிப்போய், "தங்கச்சி, கிளவுஸு," என்றார். பிறகு அவருக்கே அது அபத்தமாகப் பட்டிருக்க வேண்டும். "சரி விடு, உங்க வீட்டு ஃபேன்தானே," என்று சொல்லிவிட்டு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

பல்கலைக்கழகத்தின் கலைக்கூடம் அது. சில மாதங்களுக்கு ஒரு முறை உள்ளே இருப்பதெல்லாம் மாறும். முகமூடிகள் போய்ப் பழைய கடல் வரைபடங்கள் வரும். அவை போய், மாணவர்கள் கம்பியில் வளைத்த எருமைகள் வரும். அப்புறம் நிலாவின் புகைப்படங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மருந்துக்குக்கூடச் சம்பந்தம் இருக்காது. சுவருக்கு வேறு நிறம் அடிக்க வைத்து, சாமான்களை ஏற்றி இறக்கி, எது எங்கே நிற்க வேண்டும் என்று பார்ப்பது அவள் வேலை. விளக்குகளைப் பார்த்துக்கொள்பவர் இந்த எலக்ட்ரீஷியன். ஒவ்வொரு திறப்பு விழாவிலும் ஏதாவது ஒரு விளக்கு பிராணனை விடும் என்பதால் எல்லோருக்கும் அவர் 'ஃப்யூஸ் அண்ணன்'. அதற்கு அவர் கோபித்துக்கொண்டதே இல்லை.

இந்த முறை வீடுகளில் புழங்கும் பொருள்களை வைத்தார்கள். வேலை செய்கிறவர்களும் ஆளுக்கு ஒன்று கொண்டு வரலாம் என்றார் இயக்குநர். அவள் வீட்டில் வந்து சொன்னதும் அம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"இந்தச் சனியனைக் கொண்டு போடி. கண்ணாடிக் கூண்டுக்குள்ள வச்சுப் பூட்டு. நானும் செத்த நேரம் கண்ணசருவேன்."

சனியன் என்றது அப்பாவின் மேஜை ஃபேனை. தலையை ஆட்டிக்கொண்டே சுற்றும்போது கோடிக்குக் கோடி தட்டும். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். அங்கே எஞ்சின் சத்தம் நின்றால்தான் ஆட்களுக்கு முழிப்பு வருமாம். கரைக்கு வந்த புதிதில் வீட்டின் அமைதி அவரைத் தூங்க விடவில்லை. பழைய சாமான் கடைக்குப் போய் இருக்கிற ஃபேனையெல்லாம் ஒவ்வொன்றாக ஓட விட்டுக் கேட்டு, அதிலேயே மோசமான ஒன்றை வாங்கி வந்தாராம்.

"கடையில நல்லதா எத்தனை இருந்துச்சு, இந்த மனுஷன் கண்ணுக்கு இதுதான் பட்டுச்சு," என்று அம்மா யார் வந்தாலும் சொல்லுவாள்.

"என் கண்ணு அப்படித்தான். உன்னையும் இதே கண்ணாலதானே பாத்தேன்," என்பார் அப்பா.

காதில் பஞ்சை வைத்துக்கொண்டுதான் அம்மா முப்பது வருஷமாகத் தூங்கினாள். ஃபேனைக் கலைக்கூடத்துக்குக் கொடுக்கும்போது அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "அவளும் கொஞ்ச நாள் தூங்கட்டும் பாப்பா," என்று மகளிடம் மட்டும் மெல்லச் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, "முகமூடி வச்சீங்க, நிலா வச்சீங்க, இப்ப ஃபேனு. அடுத்தது என்னையே தூக்கி வச்சுடுவீங்க போல," என்றார்.

அப்போது அவர் தானே நடந்து கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. வந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. மாத்திரை கொடுத்தாலும் கண் மூடியபடி விழித்திருப்பார். இன்று காலை அம்மா சமையலறைக்குள் அவளை இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அது இல்லாம அவருக்கு முடியலடி. வாயைத் தெறந்து கேக்க மாட்டாரு. நான் தூங்கணும்னு பாக்குறாரு. போய் எடுத்துட்டு வா. ஒரே ஒரு தடவையாவது நல்லாத் தூங்கிட்டுப் போகட்டும்."

போகட்டும் என்ற சொல் வந்ததும் அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்காட்சி முடிய இன்னும் நாள் இருந்தது. இடையில் ஒரு பொருளை எடுக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்கிறவளே அவள்தான். தயங்கித் தயங்கிக் கேட்டபோது இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "பீடம் காலியா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்மா. வண்டிய எடுத்துட்டுப் போங்க, மொதல்ல."

வண்டியில் ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃப்யூஸ் அண்ணன் ஓட்டினார். பாதி வழியில் அவரால் அடக்க முடியவில்லை.

"தங்கச்சி, கண்காட்சி முடிஞ்சதும் சொல்லலாம்னுதான் இருந்தேன். இத நான் ஒரு வழி பண்ணிட்டேன்."

"என்னண்ணே?"

"பிரிச்சு மேஞ்சுட்டேன்ல. உள்ள சக்கரத்துல ஒரு பல்லு தேஞ்சு போயி, தலை திரும்புறப்பல்லாம் இடிச்சிருக்கு. நம்ம தங்கச்சி வீட்டுதாச்சேன்னு அந்தச் சக்கரத்தையே மாத்தி, கிரீஸ் வச்சு... இப்ப போட்டுப் பாரு. பூனை நடக்கற மாதிரி இருக்கும்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பழைய சக்கரம் எங்கண்ணே?"

"அத எதுக்குக் கேக்குற? அன்னைக்கே குப்பையில போட்டாச்சு."

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அப்பாவை நினைத்து அழுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டு, வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினார்.

முன்னறைக் கட்டிலில் மூன்று தலையணைக்கு மேல் சாய்ந்திருந்தார் அப்பா. கால்மாட்டில் இருந்த ஸ்டூலில் ஃபேனை வைத்ததும் அவருடைய கண் அதிலேயே நின்றது. உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. ஃப்யூஸ் அண்ணன் சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுழன்றது. தலையைத் திருப்பி இடது கோடிக்குப் போனது, திரும்பி வலது கோடிக்கு வந்தது. ஒரு சத்தமும் இல்லை.

அப்பா காத்திருந்தார். இன்னொரு சுற்றுப் போய் வந்தது. அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"நல்லாருக்கு தம்பி. புதுசாட்டம் இருக்கு. உங்களுக்குத்தான் வீண் சிரமம்."

"சிரமம் என்னங்கய்யா இதுல," என்று ஃப்யூஸ் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளேயிருந்து வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன்டி, சத்தத்தைக் காணோம்?"

 அம்மா ஃபேனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கடைசியில் ஃப்யூஸ் அண்ணனைப் பார்த்தாள். அம்மா கேட்ட விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. முகம் செத்துப்போய், பையிலிருந்து திருப்புளியை எடுத்து ஃபேனின் பின்பக்க மூடியைக் கழற்றினார். எதையோ தளர்த்திவிட்டுச் சுவிட்சைப் போட்டார். கரகரவென்று தகரத்தைத் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்பா முகத்தைச் சுளித்தார். ஃப்யூஸ் அண்ணன் இன்னொன்றைத் தளர்த்தினார். அது வேறொரு சத்தம்.

"விடுங்க தம்பி," என்றார் அப்பா. "நல்லதுதானே செஞ்சீங்க."

ஃப்யூஸ் அண்ணன் எல்லாவற்றையும் மறுபடி முடுக்கிவிட்டு, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் வெளியே போனார். வண்டி கிளம்பும் சத்தம் வெகு நேரம் கேட்கவில்லை.

அம்மா ஸ்பூனால் நாலைந்து வாய் கஞ்சி ஊட்டினாள். இரண்டு வாய்தான் உள்ளே போனது. மகள் அந்த ஸ்பூனை வாங்கிக் கழுவப் போனவள், பாதியில் திரும்பி வந்தாள். ஃபேன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தலை இடது கோடிக்குப் போனதும் கம்பிக்கூட்டில் ஸ்பூனால் ஒரு தட்டுத் தட்டினாள். வலது கோடிக்கு வந்ததும் இன்னொன்று.

அப்பா கண்ணைத் திறந்தார். அவள் என்ன செய்கிறாள் என்று புரிந்து அவர் கண் கலங்கியது. ஆனால் நெற்றிச் சுருக்கம் அப்படியேதான் இருந்தது. அவள் சீக்கிரமாகத் தட்டிப் பார்த்தாள், மெதுவாகத் தட்டிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம் கைக்கு வரவில்லை.

"குடு இங்க," என்றாள் அம்மா. "தட்டத் தெரியுதா பாரு. கழுதைக்கு வயசு மட்டும் ஆச்சு."

அம்மா கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஃபேனுக்கு நேராக உட்கார்ந்தாள். தலை இடது கோடிக்குப் போகும்வரை காத்திருந்தாள். அது நின்று திரும்புகிற இடத்தில், டக், உடனே அடங்கினாற்போல் இன்னொரு டக். பிறகு நீண்ட இடைவெளி. வலது கோடியில் ஒன்றே ஒன்று, அதுவும் கம்பியில் படாமல் ஃபேனின் அடிப்பாகத்தில். அதே சத்தம். மகள் அம்மாவின் கையையே பார்த்தாள்.

"எப்படிம்மா?"

"முப்பது வருஷம் உசுர வாங்கியிருக்கு. எனக்குத் தெரியாதா?"

அப்பாவின் நெற்றி தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் தாடை தளர்ந்தது. தலையணையை இறுக்கிக்கொண்டிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அவர் தூங்கினார். வந்த நாளிலிருந்து இல்லாத தூக்கம். லேசாகக் குறட்டைகூட வந்தது. மகளுக்குச் சிரிக்கவும் அழவும் சேர்ந்து வந்தது. வெளியே மத்தியான வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டில் யாரோ துணி உதறினார்கள்.

அம்மாவுக்குக் கை வலித்திருக்க வேண்டும். ஒரு முறை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். தட்டுத் தப்பவில்லை. திரும்பிப் பார்த்தால் கணக்குத் தவறிவிடும் என்று ஃபேனை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மகள்தான் கட்டிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

குறட்டை நின்றது. மூச்சு மட்டும் வந்தது. பிறகு இரண்டு மூச்சுகளுக்கு நடுவே ஃபேன் ஒரு சுற்றுப் போய் வந்தது. அடுத்ததற்கு இரண்டு சுற்று. அவள் எழுந்து அவருடைய மார்பில் கையை வைத்தாள். கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். ஃபேன் பல முறை போய் வந்தது. கைக்கு அடியில் ஒன்றும் அசையவில்லை.

"என்னடி எழுந்துட்ட?" என்றாள் அம்மா, திரும்பாமலே.

"ஒண்ணுமில்லம்மா."

"தூங்குறாரா?"

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். 

"தூங்குறாரும்மா. நல்லாத் தூங்குறாரு."

"சத்தம் போட்டுடாத. இப்பத்தான் அசந்திருக்காரு."

சரி என்று அவள் மறுபடி உட்கார்ந்தாள். ஃபேன் இடது கோடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அம்மா முந்தானையில் உள்ளங்கை வேர்வையைத் துடைத்துவிட்டு, ஸ்பூனைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.