முதல் பக்கத்துக் குண்டு

பொன்னுரங்கத்தின் டீக்கடையால் நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து வரும் என்று சிதம்பரத்தில் ஒருத்தரும் நினைத்ததில்லை. அவரே நினைத்ததில்லை. 2009 டிசம்பரில் வந்த ஒரு பதிவுத் தபால்தான் அதை அவருக்குத் தெரியப்படுத்தியது.

புவனகிரி ரோட்டில் ஒரு அரசு அலுவலகம். எந்தத் துறை என்று கேட்காதீர்கள். சொன்னால் எனக்கும் ஒரு பதிவுத் தபால் வரும். அதன் வாசல் ஓரமாகப் பதினாலு வருஷம் கடை போட்டிருந்தார் பொன்னுரங்கம். மனு கொடுக்க வருகிறவர்கள் காத்திருப்பார்கள், காத்திருக்கிறவர்கள் டீ குடிப்பார்கள். அலுவலகம் எவ்வளவு மெதுவாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு வியாபாரம். அந்த வகையில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ஒரே குறை, வாசல் வளைவில் தொங்கிய குண்டு பல்பு. பழைய காலத்துப் பல்பு. வயர் தோல் உரிந்து இரும்பு கேட்டில் உரசிக்கொண்டிருந்தது. தூறல் போட்டால் உஸ்ஸென்று பொறி பறக்கும். செப்டம்பரில் ஒருநாள், மங்கலம்பேட்டையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கேட்டைத் தொட்டு ஷாக் அடித்துக் கீழே விழுந்தார். பொன்னுரங்கம் அன்றைக்கே உட்கார்ந்து காரசாரமாக இரண்டு பக்கத்துக்கு மனு எழுதினார். யாரோ அதிகாரி கடையில் மறந்துவிட்டுப் போன பச்சைப் பேனா கையில் இருந்தது, அதில் எழுதினார். இரண்டு தாளையும் சேர்த்துக் குத்த உள்ளே போய் ஒரு குண்டூசி கேட்டார். ஆறு மாசமாகக் குண்டூசி சப்ளை இல்லை என்றார்கள். சரியென்று தாள்களை அப்படியே மடித்துப் புகார்ப் பெட்டியில் போட்டுவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து போலீஸ் வந்தது. பிறகு ஒரு நாய் வந்தது. நாய் கடையை மோந்து பார்த்துவிட்டு ஒரு பொறையைத் தின்றது. அலுவலகத்துக்குப் பாதுகாப்பு அச்சுறுத்தல், நூறு மீட்டருக்குள் கடை கூடாது என்று சொல்லி, அன்று சாயங்காலமே பாய்லரோடு தூக்கிப் பின்பக்கச் சந்தில் வைத்துவிட்டார்கள். அந்தச் சந்தில் ஆடு கூட டீ குடிக்க வராது.

வாசலில் காவலுக்கு ஒரு போலீஸ்காரரைப் போட்டார்கள். அன்றிலிருந்து அவர் அந்தப் பல்புக்கு நேர் கீழேதான் நின்றார்.

என்ன அச்சுறுத்தல், யார் செய்தது, அதற்கும் தன் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு, பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார் பொன்னுரங்கம். அதற்கு வந்த பதில்தான் அந்தப் பதிவுத் தபால். நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு ஆகியவற்றுக்குப் பங்கம் விளையும் என்பதால் பிரிவு 8(1)(அ)-ன்படி தகவல் தர இயலாது. கீழே பெலிசியா, பொதுத் தகவல் அலுவலர் என்று கையெழுத்து. பெலிசியா மேடம் கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். பொன்னுரங்கம் கடையில் காலை ஒன்று, மாலை ஒன்று, சர்க்கரை கம்மி.

மனைவி அமராவதி கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தாள்.

"ஒங்க டீயிக்கும் இறையாண்மைக்கும் என்னா சம்பந்தம்?"

"அதத்தான் அவுங்க சொல்ல மாட்டேங்குறாங்க."

"அந்த எடம் போச்சுன்னா நாம எங்க போறது? சந்துக்குள்ள நின்னு யாருக்கு டீ ஆத்துவீங்க? எனக்கா?"

அந்த ஆத்திரத்தில், கடலூர் மேலதிகாரிக்கு மேல்முறையீடு எழுதிப் போட்டார். ஜனவரியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மேலதிகாரி சுப்பிரமணியனின் அறை. பெலிசியா மேடம் ஏற்கெனவே அரக்கு வைத்த உறையோடு உட்கார்ந்திருந்தார். சுப்பிரமணியன் உறையைப் பிரித்து ஒரு தாளை எடுத்தார்.

"இத நான் பாக்கலாம். நீங்க பாக்கக் கூடாது. புரியுதுங்களா?"

"புரியுதுங்க ஐயா."

தாளை மார்போடு அணைத்துக்கொண்டு படித்தார். ரகசியம் காப்பதில் நம் அதிகாரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காகிதத்தைக் காட்ட மாட்டார்கள், வாயை மூட மாட்டார்கள். எதிரே இருந்த பொன்னுரங்கத்தை ஒரு நாற்காலியாகக்கூட மதிக்காமல் இருவரும் பேச ஆரம்பித்தார்கள்.

"என்ன மேடம், பச்சை மையில எழுதியிருக்கான்?"

"ஆமா சார். பச்சை மைன்னா கெஜட்டட் ஆபீசர் யாராச்சும் உடந்தையா இருக்கலாம்னு போலீஸ் சந்தேகப்படுது. ரெண்டு பேர விசாரிச்சிட்டாங்க."

"மேல பிள்ளையார் சுழி வேற."

"பழக்க தோஷம் சார். உள்ளூர் ஆள்தான்."

"இந்த வட்டக் கறை என்ன?"

"கெமிக்கலான்னு பாக்க மெட்ராஸ் லேப்புக்குப் போய்ட்டு வந்துச்சு சார். சர்க்கரை ஜாஸ்தியா இருக்குன்னு ரிப்போர்ட்."

பொன்னுரங்கத்தின் கடையில் சர்க்கரை எப்போதும் ஜாஸ்திதான்.

அவர் மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தார். பச்சைப் பேனா, பிள்ளையார் சுழி, டீ கிளாஸை வைத்த வட்டம். நாம் எழுதிய கடுதாசியைக் காட்டச் சொல்லி நாமே இந்த மூன்று மாதமாக அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றிருக்கிறோம். இப்போது அது என்னுடையது என்று சொன்னால் கடை திரும்ப வராது, கைவிலங்கு வரும். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் அந்தச் சந்துதான். போலீஸ் தேடுகிற ஆசாமி, சொந்தக் காசில் பஸ் டிக்கெட் எடுத்துத் தானாகவே மஞ்சக்குப்பம் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் சுப்பிரமணியன்.

"ஐயா, அந்தக் கடுதாசி எத்தன பக்கம்?"

"அதுவும் ரகசியம்."

"அப்ப எனக்கு ஒண்ணும் தெரிய வேணாங்க ஐயா."

"மூணு மாசமா சட்டம் பேசிட்டு இப்ப வேணாங்கறீங்க. போங்க, ஆர்டர் தபால்ல வரும்."

வெளியே வராந்தாவுக்கு வந்து நின்றார். பெலிசியா மேடம் உறையை நெஞ்சில் அணைத்தபடி வந்தார்.

"என்னண்ணே, மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு?"

பொன்னுரங்கம் சுற்றும் முற்றும் பார்த்தார். இந்த ஒரு பொம்பளையை நம்பாவிட்டால் வேறு ஆள் இல்லை.

"மேடம், அதுல என்னா இருக்குன்னு நீங்க என்கிட்ட சொல்லக் கூடாது. சட்டம். ஆனா நான் ஒங்ககிட்ட சொல்லலாமில்ல?"

மேடம் யோசித்தார். அதைத் தடுக்கும் பிரிவு எதுவும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டு ஒப்பித்தார். "ஐயா, நான் கடைசியாக எச்சரிக்கிறேன். மழை ஆரம்பித்தால் நிச்சயம் வெடிக்கும். வெடித்தால் உயிர்ச் சேதம் ஆகும். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. தங்கள் அலுவலக வாசலில் இருக்கும் குண்டு..."

மேடத்தின் கையிலிருந்த உறை நழுவியது. ஒரு எட்டு பின்னால் போனார்.

"அதோட பக்கம் முடிஞ்சிடுச்சி மேடம்."

"அடுத்த பக்கம்?"

"பல்பு."

 பெலிசியா மேடம் சுவரில் சாய்ந்து, வாயில் புடவைத் தலைப்பைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"குண்டுக்கு அப்புறம் புள்ளி வெக்கலயேன்னு அன்னிக்கே எனக்கு ஒறுத்துச்சிண்ணே," என்றார் மேடம். "நான் சொன்னா யாரு கேக்குறா?" இதை வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அவரிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மேடம் அலுவலகத்தில் எல்லாப் பிரிவையும் குடைந்தார். இரண்டாம் பக்கம் மராமத்துப் பிரிவில் பத்திரமாக, தனி எண்ணோடு இருந்தது. "பல்பை உடனே மாற்றித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, பொன்னுரங்கம், டீக்கடை." ஓரத்தில் ஒரு குறிப்பு: முதல் பக்கம் இல்லாததால் எந்தப் பல்பு என்று தெரியவில்லை, முடித்து வைக்கலாம். மேடம் தன் புடவையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி இரண்டு தாளையும் சேர்த்துக் குத்தினார். அடுத்த பஸ்ஸில் கடலூருக்குக் கொண்டுபோனார்.

சுப்பிரமணியன் படித்துவிட்டு வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்தாராம். இது வெளியே தெரிந்தால் போலீஸ், நாய், லேப், விசாரிக்கப்பட்ட இரண்டு கெஜட்டட் அதிகாரிகள் எல்லோருமாகச் சேர்ந்து தன்னைத்தான் பார்ப்பார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. அச்சுறுத்தல் நீங்கிவிட்டது, கடையைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம், அச்சுறுத்தல் எவ்வாறு நீங்கியது என்பதைப் பிரிவு 8(1)(அ)-ன்படி தெரிவிக்க இயலாது.

பொன்னுரங்கம் பாய்லரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். இடத்தைத் தண்ணீர் தெளித்துக் கூட்டும்போது அழுகையே வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தார். பல்பு அப்படியே தொங்கியது.

"மேடம், இத இன்னும் மாத்தலயே?"

"மாத்துனா, எதுக்கு மாத்துனீங்கன்னு எவனாவது மனுப் போடுவான். விடுங்கண்ணே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மெயினை அணைத்துவிட்டு, பொன்னுரங்கமே தன் கைக்காசில் புது வயரும் பல்பும் மாட்டினார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே அமராவதி கேட்டாள். "ஆமா, கடைசியில அது என்னா மிரட்டலு? யாரு வுட்டது?"

வராந்தாவில் பெலிசியா மேடத்துக்குச் செய்து கொடுத்த சத்தியம் நினைவுக்கு வந்தது. சோற்றைப் பிசைந்தார்.

"அது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விசயம். எட்டு ஒண்ணு அ."

அமராவதி குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு அவரை உற்றுப் பார்த்தாள்.

"கொழம்பும் எட்டு ஒண்ணு அ தான். வேணும்னா பத்து ரூவா ஸ்டாம்பு ஒட்டி எழுதிக் குடுங்க, முப்பது நாள்ல சொல்றேன்."