கேமராவுக்கு முதுகு காட்டியவர்

ஈஸ்வரிக்குச் சிங்காரவேலுவைப் பிடிக்காது. நேரில் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். தினமும் ஏழரை மணிக்கு டிவியில் வந்து, பெற்ற மகளை வீட்டை விட்டுத் துரத்துகிற ஆளை யாருக்குத்தான் பிடிக்கும்? தஞ்சாவூர்ப் பக்கத்து நாடக மேடைகளில் ராஜா, திருடன், சமயத்தில் ராணி என்று வருஷக்கணக்கில் தொண்டையைத் தேய்த்துவிட்டு, சீரியலுக்குப் போய் வீட்டுக்கு வீடு வசவு வாங்கிக்கொண்டிருக்கும் மனிதர் அவர்.

அந்த மனிதர் குத்தாலத்துக்குப் பக்கத்தில் தங்கள் வயலிலேயே வந்து நிற்பார் என்று அவள் கண்டாளா? அறுவடைக்கு நின்ற சம்பாப் பயிர் தை மழையில் மொத்தமாகச் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. சீரியலில் அப்பாவுக்குக் கெட்ட காலம் ஆரம்பிக்கிறதாம். அதற்கு இப்படி ஒரு வயல் வேண்டுமாம். ஈஸ்வரியின் கணவர் நாகநாதனிடம் வந்து கேட்டார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பயிர் சாய்ந்த அன்றிலிருந்து அவர் அப்படித்தான். பேச்சில்லை, அழுகையில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டுக் கை கழுவிவிடுவார். ஈஸ்வரி பூச்சிமருந்து டப்பாவைப் பக்கத்து வீட்டு ரெங்கம்மாளிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொல்லியிருந்தாள்.

கேமரா ஓடியது. சிங்காரவேலு வேட்டியை மடித்துக்கட்டி வயலில் இறங்கினார். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழப்போகிறார் என்றுதான் ஈஸ்வரி நினைத்தாள். அவர் அழவில்லை. குனிந்து ஒரு கொத்துப் பயிரை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினார். கையை எடுத்ததும் விழுந்தது. மறுபடி நிறுத்தினார். தூங்குகிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புவது மாதிரி, "எந்திரிடா ராஜா, நேரமாச்சு" என்றார். ஈஸ்வரி மகளைத் துரத்தியவரை மறந்தே போனாள். தன் கணவருக்குள் அடைத்துக் கிடந்தது இந்த மனிதரின் கை வழியே வெளியே வந்துகொண்டிருந்தது.

"விடுங்க சார்" என்று ஒரு குரல் கேட்டது. நாகநாதன் வரப்பிலிருந்து இறங்கி, நேராகக் கேமராவுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். "அது எந்திரிக்காது. நானும் நிறுத்திப் பாத்துட்டேன். நெல்லு கதிர்லயே முளைச்சு வீணாப் போச்சு சார்."

அதற்குமேல் முடியவில்லை. சிங்காரவேலுவின் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

டைரக்டர் கட் சொல்லவில்லை. இப்படி ஒரு காட்சி தானாக வந்து விழுந்தால் யார்தான் சொல்வார்கள்? கேமரா நாகநாதனின் முகத்தைத் தேடி நகர்ந்தது. சிங்காரவேலுவும் கூடவே திரும்பினார். அது இந்தப் பக்கம் வந்தால் இவரும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் இவரும் அந்தப் பக்கம். பார்க்கிறவர்களுக்கு முதுகு காட்டக்கூடாது என்பதுதான் நாடகக்காரர்கள் படிக்கிற முதல் பாடம். அவரோ தன் அகலமான முதுகு முழுவதையும் கேமராவுக்குக் காட்டி, நாகநாதனை மறைத்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷ நடிப்பில் இதைவிடப் பெரிய காட்சி அவருக்கு வாய்த்திருக்காது. அதை மனசார விட்டுக்கொடுத்தார். ஈஸ்வரியின் கைகள் தாமாகக் குவிந்தன.

"சார், ரெண்டு பேர் மூஞ்சியும் தெரியல" என்றார் டைரக்டர்.

"தெரிய வேணாம் தம்பி" என்றார் சிங்காரவேலு, திரும்பாமலே. "என் சீனை நான் மறுபடி பண்ணித் தர்றேன்."

நாகநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். வரப்பில் நின்ற மனைவியை, வெளியூர் போய்த் திரும்பியவர்போலப் பார்த்தார்.

"ஈஸ்வரி, சாருக்கு இலை போடு" என்றார். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். "எனக்கும் போடு. பசிக்குது."