இருபத்துமூன்றாவது பொந்து

இப்போதெல்லாம் ஆட்கள் ஒரு பிராணியை வாங்கும் முன்பே அதற்குப் பெயர் வைத்துவிடுகிறார்கள். பிறகு மெத்தை வாங்குகிறார்கள். பிறகு போனில் அதன் படத்தை ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள். வேலைக்கு ஆகுமா என்று பார்ப்பது கடைசியில்தான், அதுவும் நேரம் மிச்சமிருந்தால்.

எங்கள் ஊருக்குக் குடிவந்த ஜூலியன் அப்படிப்பட்ட ஆள். லீட்ஸ் நகரத்தில் முப்பது வருடம் பல் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். முயல் பிடிக்க ஆசை வந்து, பொந்துக்குள் புகுந்து முயலை வெளியே விரட்டும், கீரி மாதிரியான ஃபெரட் ஒன்றை வாங்கினார். பெட்டை. பெயர் டச்சஸ். வாரம் இரண்டு முறை அதற்குப் பல் தேய்க்கிறார். என்னிடமும் ஒரு வெள்ளை ஃபெரட் இருக்கிறது. கொட்டகைக் கூண்டில் கிடக்கிறது. பெயர் கிடையாது.

அவரை நானாகக் கூட்டிப்போயிருக்க மாட்டேன். தோரா மெட்கால்ஃப் சொன்னாள், போனேன். அவள் நிலத்தில் முயல் பிடிக்கும் உரிமை அவள் அப்பா காலத்திலிருந்து, நாற்பது வருடமாக, என்னுடையது. இந்தக் குளிரில், வயலோர மேட்டுப் பொந்துகளில் இருக்கும் முயல்கள் அவளது கோதுமையை வேலியிலிருந்து பாதி வயல் வரை மேய்ந்துவிட்டன.

"இந்தச் சனிக்கிழமையும் மேட்டுல முயல் குறையலேன்னா, விஷப்புகை போடுற ஆளைக் கூப்பிட்டுருவேன், வில்ஃப். அந்தப் பல் டாக்டரையும் கூட்டிக்கோங்க. உங்களுக்கு முட்டி மடங்க மாட்டேங்குது."

என் முட்டியைப் பற்றி அவளுக்கென்ன. ஆனால் புகை ஆள் வந்துவிட்டால் அந்த நிலத்தில் எனக்கு வேலை இல்லை. எழுபத்தாறு வயதில் வேறு யார் நிலம் தருவார்கள்?

சனிக்கிழமை காலை புல்லெல்லாம் உறைபனி. ஒவ்வொரு பொந்தின் வாயிலும் சுருக்குவலை விரித்து முளையடித்தோம். முயலுக்குக் கேட்கக்கூடாது என்பதால் பேச்செல்லாம் கிசுகிசுப்புதான்.

"இருபத்திரெண்டு," என்றேன்.

"இருபத்திமூணு," என்றார் ஜூலியன். "அந்த முள்ளுப் புதருக்கடியில ஒண்ணு இருக்கு."

"அது செத்த பொந்து."

"புழுக்கையெல்லாம் புதுசாக் கெடக்கே."

"வாய்க்குள்ள எட்டிப் பார்த்தே பழகிட்டீங்க, டாக்டரே. நாப்பது வருஷமா இந்த மேடு எனக்குத் தெரியும்."

"வலை ஒண்ணு மீதி இருக்கு. போட்டு வெச்சா என்ன?"

"புதரை மிதிச்சுச் சத்தம் போடுவீங்க. பேசாம நில்லுங்க."

என் வெள்ளையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அது நேராக என் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது. விடவில்லை. கத்தவும் முடியாது, முயல் ஓடிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஜூலியன் அருகில் வந்து, அதன் தாடை ஓரத்தில் இரண்டு விரல் வைத்து, "வாயைத் திற, கண்ணு. அவ்வளவுதான், முடிஞ்சது," என்றார். திறந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"ரத்தம் சொட்டுதே."

"அது என் ரத்தம். உங்களுக்கென்ன? உங்க டச்சஸ் காலையில என்ன தின்னுச்சு?"

"முட்டை. ரெண்டு."

"போச்சு. உள்ள போய்ச் சுருண்டு தூங்கும். அதை வெளிய எடுக்கச் சாயங்காலம் வரைக்கும் நாம தோண்டணும்."

வெள்ளையைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டு டச்சஸையே உள்ளே விட்டோம். அது தூங்கவில்லை. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் மண்ணுக்கடியில் தடதடவென்று சத்தம். நான் இருபத்திரண்டு வலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் ஒரு முயல் விழுந்தது. மற்றவை முள்ளுப் புதருக்கடியிலிருந்து வரிசையாக வந்தன, பள்ளி விட்ட பிள்ளைகள் மாதிரி. ஒன்பதுவரை எண்ணினேன். அத்தனையும் வேலியோரம் வந்துகொண்டிருந்த தோராவின் கால்களைச் சுற்றிக்கொண்டு கோதுமைக்குள் ஓடின. கடைசியாகப் புதரிலிருந்து டச்சஸ் வந்து தும்மியது.

தோரா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டச்சஸையும் சேர்த்துதான்.

"அந்தப் பொந்துல ஏன் வலை இல்ல?"

ஜூலியன் தன் பூட்ஸைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

"செத்த பொந்து அது," என்றேன்.

"செத்ததுலேர்ந்துதான் ஒன்பது வந்துச்சா?"

நான் குனிந்து பக்கத்து முளையைப் பிடுங்கினேன்.

"அடுத்த சனிக்கிழமை இன்னொரு தரம் பாருங்க. அதான் கடைசி. பொந்து எண்ணுறது டாக்டர். வலை போடுறதும் டாக்டர். நீங்க சாக்கைத் தூக்குங்க, வில்ஃப்."

"நான் சாக்குத் தூக்கறதா?"

"இல்லேன்னா புகை."

"சரி, தூக்கறேன்."

ஜூலியன் தன் கைக்குட்டையை என் விரலில் சுற்ற வந்தார். வேண்டாம் என்றேன். சுற்றிவிட்டார். முடிச்சு நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளை இருந்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டேன். "எட்டு மணிக்கு வந்துடுங்க," என்றார் பின்னாலிருந்து. ஏழுக்கே வருவேன் என்று திரும்பாமலே சொன்னேன். அது செத்த பொந்துதான். நாங்கள் அந்தப் பக்கம் முளையடித்துக்கொண்டிருந்தபோது முயல்கள் அதை உள்ளிருந்து தோண்டித் திறந்திருக்கும். வேலிக் கதவைச் சாத்திவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.