கிரேனுக்கு மாலை, லேப்டாப்புக்கு ஒரு முழம்

முப்பத்தைந்து வயதில் தான் என்னவாக இருக்க வேண்டும் என்பது ஸ்நேகாவுக்கு இருபத்து நாலு வயதிலேயே தெரியும். தெரியாதது, நாளைக்கு ஆயுத பூஜை என்பதுதான்.

அதையும் அவள் அம்மா ரோசம்மாள் சாயங்காலம் போன் பண்ணித்தான் சொன்னாள். "நாளைக்கு சீக்கிரம் வந்துடு பாப்பா. நைனா கிரேன் கிட்ட நின்னு போட்டோ எடுக்கணும்ல?"

ஸ்நேகா காலண்டரைத் தேடினாள். நாளைக்குத்தான் அவளுடைய மும்பை முதலாளி அப்பா வேலை செய்கிற அதே தொழிற்சாலையைப் பார்க்க வருகிறார். ஆயுத பூஜை அன்றைக்கு இந்தச் சீமையில் எவனாவது மிஷினைத் தொடுவானா?

இது 2005இல் நடந்தது. ஸ்நேகா வேலை பார்த்தது நுங்கம்பாக்கத்தில், ஒரு பிரைவேட் ஈக்விட்டி கம்பெனியில். வளருகிற கம்பெனிகளில் பணம் போட்டுப் பங்கு வாங்கி, நாலைந்து வருஷம் கூடவே இருந்து வளர்த்து, லாபத்துக்கு விற்கிற தொழில். ரோசம்மாள் தெருவில் அதைச் சுருக்கமாக, "எம் பொண்ணு கம்பெனி கம்பெனியா வாங்கிக்கினு கீறா" என்று சொல்லி வைத்திருந்தாள். கேட்டவர்கள் எல்லாம் ஸ்நேகாவைக் கண்டால் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அப்பா தேசப்பன், கும்மிடிப்பூண்டியில் லாரி உதிரிபாகம் வார்க்கிற பவுண்டரியில் கிரேன் ஆபரேட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு சாப்பாட்டில் ஸ்நேகா தன் திட்டம் முழுவதையும் அவரிடம் கொட்டியிருந்தாள். முதலில் அனலிஸ்ட், பிறகு பேரம் பேசி முடிக்கிற டீல் டீம், பிறகு ஒவ்வொரு படியாக ஏறி, முப்பத்தைந்தில் பார்ட்னர், அதாவது கம்பெனியின் முதலாளிகளில் ஒருத்தி.

"ஹெல்பரா இருந்து கிரேன்ல ஏர்றதுக்கே எனக்கு எட்டு வருசம் ஆச்சு" என்றார் தேசப்பன், முள்ளை எடுத்துக்கொண்டே. "நீ பத்து வருசத்துல மொதலாளி ஆவப் போறியா? சரி, ஆயிக்கோ. நடுவுல படிய உட்டுட்டுத் தாவாத, அவ்ளோதான்."

தாவுவது எங்கே? முதல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வருஷமாக யாரோ கொடுத்த கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் வேலை. அப்போதுதான் அப்பாவின் பவுண்டரியில் பணம் போடலாமா என்று ஆபீஸில் பேச்சு வந்தது. அப்பா அங்கே வேலை செய்வதை ஸ்நேகாவே போய் மேலதிகாரி ஜபீனிடம் சொன்னாள். ஜபீன் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண், வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள்.

"உங்கப்பா அங்க இருக்கறதால, வெலை பேசற எடத்துல நீ இருக்கக் கூடாது. ஆனா விசிட்டை நீ ஏற்பாடு பண்ணு. நல்லபடியா முடிஞ்சா டீல் டீம்ல சேத்துக்கறேன். சொதப்பினா, இன்னும் ரெண்டு வருசம் இதே நாற்காலிதான்."

அந்தச் சந்தோஷத்தில், தேதி சரியா என்று மும்பையிலிருந்து கேட்டதும் ஸ்நேகா காலண்டரைப் பார்க்காமலே சரி என்று சொல்லிவிட்டாள். மும்பைக்காரர்களுக்கு ஆயுத பூஜைக்கு லீவு கிடையாது, அதற்கு மறுநாள் வருகிற தசராதான் லீவு.

இப்போது ஜபீனுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னாள்.

"பேஜாராப் போச்சே ஸ்நேகா. நானும் இந்த ஊர்க்காரிதான், எனக்கும் உறைக்கலயே! பார்ட்னர் ஏர்போர்ட் போயிட்டாரு. வா, பாத்துக்கலாம்."

மறுநாள் காலை, பவுண்டரி வாசலில் மும்பை பார்ட்னர் காரைவிட்டு இறங்கி, உடைத்த பூசணிக்காய்த் துண்டில் கால் வைத்து, வழுக்கி, ஜபீனின் தோளைப் பிடித்து நின்றார். வாசலில் வாழைமரம். உள்ளே குழந்தைகளின் கூச்சல். ஒரு மிஷின்கூட ஓடவில்லை.

"நான் இங்கே எதைப் பார்ப்பது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பவுண்டரி முதலாளி துளசிராமன் பட்டு வேட்டியில் ஓடிவந்தார். "நல்ல நாளாப் பாத்துத்தான் வரீங்கன்னு நெனச்சேன் சார்!"

அதற்குள் ரோசம்மாள் ஒரு பொரிப் பொட்டலத்தைப் பார்ட்னர் கையில் திணித்துவிட்டாள். மனிதர் வேறு வழியில்லாமல் ஒரு வாய் போட்டார். பிறகு, யாரும் சொல்லாமலே இன்னொரு வாய் போட்டார்.

ஸ்நேகா துணிந்தாள். "சார், இன்றைக்கு மிஷின் ஓடாது. ஆனால் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு இருக்கிறார்கள். வாருங்கள்."

அந்தப் பவுண்டரியில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் மிஷினை அவரவரே கழுவித் துடைத்து மாலை போடுவார்கள். பெண்டாட்டி பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். தேசப்பனிடம் ஒருவன் "கிறிஸ்தவனுக்கு ஆயுத பூஜை எதுக்கு?" என்று கேட்டதற்கு, "சாமி உன்னுது, கிரேன் என்னுது" என்று சொல்லி வாயை அடைத்தவர் அவர்.

ஸ்நேகா உலையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மிஷினாக அழைத்துப் போனாள். பார்ட்னர் ஒவ்வொரு குடும்பத்தோடும் பேசினார். எத்தனை வருஷமாக இங்கே, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். ஸ்நேகா மொழிபெயர்த்தாள். பொட்டலம் காலியாகிக்கொண்டே வந்தது.

பின்கட்டு ஷெட்டில் நாலு புது மிஷின்கள் பளபளவென்று நின்றன. மாலை இருந்தது. முன்னால் ஒரு ஆள் இல்லை, ஒரு குழந்தை இல்லை.

ஸ்நேகாவின் கால் நின்றுவிட்டது. இந்த நாலும் ரெண்டு ஷிப்டும் ஓடுவதாகத் துளசிராமன் கொடுத்த கணக்கை அவள் கையாலேயே கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறாள். சும்மா தாண்டிப் போய்விடலாம். கேட்டால் அப்பாவுக்குச் சோறு போடுகிற முதலாளிக்குத் தலைகுனிவு. பணம் வராமலே போகலாம். கேட்காமல் போனால்? படியை விட்டுவிட்டுத் தாவியதாகும். அவளுக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"சார், இது யாரு மிஷின்?"

துளசிராமன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "யாருதும் இல்லம்மா. ஓட்டத் தெரிஞ்ச ஆளு கெடைக்கல. வேற நாளா இருந்தா பக்கத்து கம்பெனிலருந்து நாலு பேரக் கூட்டியாந்து ஓட்டிக் காட்டியிருப்பேன். பூஜையன்னிக்கு எவன் வருவான், அவனவன் மிஷின உட்டுட்டு?"

ஸ்நேகா ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். பார்ட்னர் வெடித்துச் சிரித்தார். ஓட்டிக் காட்டி ஏமாற்றியவர்களிடம் தான் நிறையப் பட்டிருப்பதாகச் சொன்னார். பிறகு துளசிராமனின் தோளில் கை போட்டு, இங்கே இருக்கிற ஆட்களையே பழக்க எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார். ஆறு மாதம் என்றதும், கணக்கைத் திருத்திக் கொடுங்கள், பணம் போடுவதைப் பற்றி அப்புறம் பேசுவோம், பழக்குகிற செலவையும் சேர்த்தே பேசுவோம் என்றார். துளசிராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஜபீன் ஸ்நேகாவின் காதருகே வந்தாள். "டீல் டீம்ல நீ இருக்க. இந்த டீல் இல்ல, வேற. நாளைக்கே போன் பண்ணி வேலையச் சொல்றேன். நாளைக்கு விஜயதசமி, புதுசா ஆரம்பிக்கிற நாள், அதை மறக்கல."

ஸ்நேகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தது கிரேன் அடியில்தான். போட்டோக்காரர் காத்திருந்தார். விஷயத்தைக் கேட்ட தேசப்பன், கிரேன் கொக்கியில் தொங்கிய சாமந்தி மாலையிலிருந்து ஒரு முழம் அறுத்து, மகள் கையில் வைத்திருந்த லேப்டாப்பில் சுற்றினார்.

"ஐயோ நைனா, இது ஆபீஸுது!"

"கிரேன் மட்டும் இன்னா என் ஊட்டுதா?" என்றார் தேசப்பன். "ஓட்றவங்களுதுதான். நெஞ்சு மேல வச்சிப் புடி, போட்டோல தெரியணும்."