சாரல் நாளில் ஒரு சோதனை

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.40 மணி, விடாத சாரல், மலையை மூடிய மேகம். தென்காசியில் உமாதேவி குடியிருந்த மாடியில், அவளுடைய ஆன்டெனா இனியும் நிற்கலாமா என்று முடிவுசெய்ய மூவர் கூடியிருந்தனர்.

உமாதேவி உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர். கீழே குடியிருந்த வீட்டுக்காரர் ஆவுடைநாயகத்தின் ரேடியோவில் இரண்டு மாதமாகக் கரகரப்பு.

“நீ ரஷ்யாக்காரங்கூடப் பேசுததுக்கு நான் திருநெல்வேலிச் செய்தியக் காவு குடுக்கணுமாக்கும்?”

“என் செட்லயும் அதே கரகரப்புதான், அண்ணாச்சி.”

கையடக்க ரேடியோவுடன் தெருத்தெருவாக நடந்து, கரகரப்பு உச்சமடையும் இடத்தை அவள் கண்டுபிடித்திருந்தாள்: தெருமுக்கிலிருந்த மின்கம்பம். அதில் கம்பியைத் தாங்கும் பீங்கானில் விரிசல். அங்கே பொறி தெறித்தது. காய்ந்தால் இரையும், நனைந்தால் அடங்கும். ஆகவே, வெயில் நாளில் சோதிக்குமாறு கேட்டிருந்தாள்.

சோதிக்க வந்தவர் விஜயசங்கர். சுரண்டையில் மின் பொறியாளர், ஆவுடைநாயகத்தின் மருமகன். தோளில் துண்டு, பையில் நல்லெண்ணெய்.

“வெயில் நாள்ல ஐந்தருவில என்ன இருக்கு? பாறையவா பாக்க?” என்றார்.

அவளுடைய செட்டை அணைக்கச் சொன்னார். கீழே ரேடியோ தெளிவாகப் பேசியது.

“ஆஃப் பண்ணதும் நின்னுட்டுல்லா!” என்றார் ஆவுடைநாயகம்.

“சாரல்ல நின்னது, அண்ணாச்சி. இப்ப ஆன் பண்ணுதேன், அப்பவும் வராது. கேளுங்க.”

விஜயசங்கர் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்து மணிக்கு மேல அங்கன கூட்டம் தாங்காது.”

செட்டை இயக்கிப் பார்க்கும் சோதனை நடைபெறவில்லை. ஒரு தாளில் முடிவை எழுதிக் கையெழுத்திட்டு, மாமனாரிடம் நீட்டிவிட்டுக் கிளம்பினார்.

மறுவாரம் வெயிலடித்தது. அவளுடைய செட் அணைந்தே கிடக்க, கரகரப்பு திரும்பியது. அவளுடைய புகாரின்பேரில் வந்த லைன்மேன் இசக்கிதுரை கம்பத்தில் ஏறிப் பீங்கானை மாற்றினார்.

“சனியன், இங்கனதாம்க்கா இருந்திருக்கு!”

கரகரப்பு ஒழிந்தது. உமாதேவி கீழே சென்றபோது ஆவுடைநாயகம் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். வெயிலிலும் ஒவ்வொரு சொல்லும் துலக்கமாக விழுந்தது.

“கேட்டீங்களா, அண்ணாச்சி?”

“கேட்டேம்மா. கம்பந்தான். நீ சொன்னது சரிதான்.”

“அப்போ ஆன்டெனா?”

அவர் ரேடியோவின் ஒலியைக் குறைத்தார்.

“மாப்பிள்ள எழுதிக் குடுத்துட்டாரே. அத மாமனாரு திருத்துனா, நாளைக்கு எம்மவளுக்கு யாரு பதில் சொல்லுவா? நீயா சொல்லுவ?”

ஆன்டெனாவே காரணம் என்றும், பதினைந்து நாளில் அகற்ற வேண்டும் என்றும் எழுதியிருந்த தாளில், மருமகனின் கையெழுத்துக்குக் கீழே தம் கையெழுத்தை நிதானமாக இட்டு, மை காய ஊதி, அவளிடம் கொடுத்தார்.