பிரசவ அறைப் பூட்டு

புதிதாக வந்த டாக்டர் அல்போன்சா, பெங்களூர் நீலசந்திராப் பெண்களைப் பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட்டி உட்கார வைத்து, "இங்கே என்ன குறைன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். ஐம்பத்தொன்பதாம் வருஷம் அது. அப்படி ஒரு டாக்டர் கேட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா" என்றாள் கோமளம். மற்றவர்கள் தலையாட்டினார்கள். சுவரோரம் நர்ஸ் லட்சுமம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் எதிரில் யார் வாய் திறப்பார்கள்? கூட்டத்தில் உட்கார்ந்திருந்த தனக்கோடிக்கு எட்டு மாதம். அடுத்த மாதம் பிரசவத்துக்குப் போய்ப் படுக்க வேண்டியது லட்சுமம்மா கையில்தான்.

பக்கத்து வீட்டு ஃபாத்திமா கூட்டத்துக்கு வரவில்லை. போன மாதம் இதே வராந்தாவில், பூட்டிய பிரசவ அறைக்கு வெளியே, வெறும் தரையில் பிள்ளை பெற்றவள் அவள். பிள்ளை தங்கவில்லை. அன்று அவள் தலையை மடியில் தாங்கியிருந்தது தனக்கோடி.

எழுந்தாள்.

"ஃபாத்திமாக்கா வந்தப்போ ரூம் பூட்டியிருந்துச்சு டாக்டரம்மா. தொறக்க ஆளே வரல."

லட்சுமம்மாவின் பார்வை தன் வயிற்றில் விழுந்ததும் தனக்கோடி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"சாவி யார்கிட்ட இருக்கும்?" டாக்டர் நர்ஸைக் கேட்டார்.

"கிளார்க் கிட்டம்மா. சாமான் காணாமப் போகுதுன்னு மத்தியானமே பூட்டி எடுத்துட்டுப் போயிடுவாரு. அன்னிக்கு அவர் மனெக்கு, வீட்டுக்கே ஓடினேன். வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அன்றே பூட்டைக் கழற்றச் சொன்னார் டாக்டர். ஆனாலும் தனக்கோடிக்குத் தூக்கம் போயிற்று. "உனக்கேன் அந்த வம்பு?" என்றான் புருஷன். வலி கண்ட அன்று காலை இரண்டு மணி நேரம் அவனிடம்கூடச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பனிக்குடம் உடைந்த பிறகுதான் ஜட்கா வண்டி வந்தது.

பிரசவ அறையில், "மல்கோ" என்று படுக்கச் சொல்லிக் கட்டிலைக் காட்டினாள் லட்சுமம்மா. வேறு ஒரு வார்த்தை இல்லை. தட்டில் கத்தரி சத்தம் கேட்கும்போதெல்லாம் தனக்கோடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வஞ்சம் தீர்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? வயிற்றை அழுத்திய விரல்கள் மட்டும் பதமாக இருந்தன.

பெண் குழந்தை. வீறிட்டு அழுதது.

துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு லட்சுமம்மா குனிந்தாள். "அடுத்த கூட்டத்துக்கும் வா. இங்க ஸ்டவ் கெட்டு வருஷமாச்சு. வெந்நீர் எதிர்வீட்லேர்ந்து தூக்கிட்டு வரேன். நான் கேட்டும் புதுசு கொடுக்கல. நீ கேளு."

தனக்கோடி தலையாட்டினாள்.