ஆதிகேசவன் நிலத்து மூலை

சித்தூர்ப் பக்கம் குடிபாலா ஊர் ஆதிகேசவனின் ஒன்றரை ஏக்கரில் வடகிழக்கு மூலை மட்டும் விதைக்காமலே வேர்க்கடலை விளைந்துகொண்டிருக்கிறது. யார் பிடுங்கினாலும் கொத்துக் கொத்தாகக் காய், உள்ளே மூன்று பருப்பு. அவர் பிடுங்கினால் மட்டும் அத்தனையும் பொக்கு. மீதி நிலத்தில் அப்படியில்லை, ஊரில் எல்லோருக்கும் விளைகிற மாதிரி அவருக்கும் விளைகிறது. விஷயம் கேள்விப்பட்டு வேளாண்மை ஆபீசர் ஒருவர் வந்து நாற்பது செடி பிடுங்கினார், ஒன்றுகூடப் பொக்கில்லை. பக்கத்திலேயே நின்று ஆதிகேசவன் பிடுங்கியது வெறும் தோல். இதை எழுத ஃபாரத்தில் இடமில்லை என்று தெலுங்கில் வருத்தப்பட்டுவிட்டு, நாற்பது செடியையும் சாம்பிளுக்கென்று சித்தூருக்கு எடுத்துக்கொண்டு போனார். அவர் சிந்திவிட்டுப் போனதை ஆதிகேசவன் பொறுக்கி உடைத்துப் பார்த்தார், அதுவும் பொக்கு. ஒரு காயாவது இவர் கையில் கொடுக்கலாமே என்று ஆபீசருக்குத் தோன்றவில்லை. நிலத்துக்காரருக்கு யார் கொடுப்பார்கள்? கேட்க இவருக்கும் வாய் வரவில்லை.

எல்லாம் பிரமிளாவோடு சம்பந்தப்பட்டது. ஆதிகேசவன் மாதம் தவறாமல் திருப்பதி பஸ் ஏறுகிறவர், அவர் பெண்டாட்டி பிரமிளா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். வயலை ஓரம்வரை அறுக்கக் கூடாது, இல்லாதவர்களுக்கும் ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கும் மூலையை விட வேண்டுமென்று ஆண்டவர் அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார் என்று அங்கே கேட்டுவந்து, இருபது வருஷம் அந்த மூலையில் புருஷனைக் கைவைக்க விடவில்லை. அறுவடைக்கு மறுநாள் பக்கத்து ஊர்ப் பெண்கள் சாக்கோடு வருவார்கள். மூலையைப் பிடுங்கி முடித்து, பிறகு வயல் முழுக்க மண்ணைக் கிளறி, அறுவடைக்குத் தப்பி உள்ளே தங்கிவிட்ட தப்புக்காயைப் பொறுக்குவார்கள். பிரமிளாவும் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுவாள். அன்று முழுக்க வயலில் சிரிப்புச் சத்தம் ஓயாது.

ஒரு புரட்டாசியில் பிரமிளா காய்ச்சலில் போய்விட்டாள். ஐப்பசியில் அறுவடை முடிந்ததும் பெண்கள் வழக்கம்போல வந்து வரப்பில் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி எதற்கோ சிரித்தாள். பிரமிளா இல்லாத வயலில் சிரிப்பா என்று ஆதிகேசவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோரையும் விரட்டிவிட்டு, மூலையையும் தானே பிடுங்கி, ஒரு காய் தங்காமல் இரண்டு முறை டிராக்டர் ஓட்டினார். அது கஞ்சத்தனம் இல்லை, துக்கம். விரட்டப்பட்டவர்களுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

அடுத்த வருஷம் மூலை தானாக முளைத்தது. அவர் பிடுங்கிப் பார்த்தார், எல்லாம் பொக்கு. வெட்கத்தை விட்டுப் போய் அந்தப் பெண்களைக் கூப்பிட்டார். அதற்குள் பாதிப்பேர் கம்பெனி வேனில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், மீதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ரோட்டோரம் உட்கார்ந்து போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தார். "டைம் இல்ல நைனா" என்றார்கள். பஸ் வரும்வரை ஒரு செடி பிடுங்கியவர்களும் ஹாரன் கேட்டதும் ஓடினார்கள். ஸ்ரீ சிட்டியில் வேலை செய்கிற மகள் ஹர்ஷினி, "கடலதானே நைனா? கடையில வாங்கி துன்னு" என்று போனில் சொன்னாள். அவருக்கு வேண்டியது கடலை இல்லை, யாராவது வர வேண்டும். அதை மகளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஆறு வருஷம் ஓடிவிட்டது. வீட்டில் அவர் குரலைத் தவிர வேறு குரல் கேட்டதில்லை, சில நாள் அதுவும் கேட்டதில்லை.

ஏழாம் வருஷ அறுவடைக்கு மறுநாள், குடியாத்தம் பக்கத்துச் சபீனா வந்தாள். புருஷன் இல்லாதவள், மாம்பழக்கூழ் கம்பெனியில் சீசன் முடிந்து வேலையும் இல்லாதவள். வரப்பில் சாக்கோடு நின்று, "நைனா, தப்புக்கா பொறுக்கிக்கட்டுமா?" என்று கேட்டாள். அந்தச் சொல்லைக் கேட்டு ஆறு வருஷமாகியிருந்தது.

"மூலையிலயும் புடுங்கிக்கம்மா," என்றார். "மெதுவா புடுங்கு. அவசரம் இன்னா இருக்குது?"

உச்சிவேளைக்குள் அவள் சாக்கு நிறைந்துவிட்டது. அவர் காலையிலிருந்து வரப்பைவிட்டு எழுந்திருக்கவில்லை. புங்கமரத்தடியில் காயை உடைத்துத் தின்றுகொண்டிருந்தவள் இவரைப் பார்த்தாள். எழுந்து வந்து இரண்டு கையாலும் அள்ளி இவர் மடியில் போட்டாள்.

"துன்னுங்க நைனா. சும்மா பார்த்துக்கினே குந்திக்கினு இருக்கீங்க."

எப்படியும் பொக்காகத்தான் இருக்கும் என்று பயந்துகொண்டே ஒன்றை உடைத்தார். மூன்று பருப்பு, பச்சைக்கடலையின் பால் வாசனையோடு. மென்றார், அழுகை வந்தது, அழுதார். மடியிலிருந்ததெல்லாம் தீர்ந்ததும் கையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் குடும்மா" என்றார். அவள் கொடுத்தாள்.

இப்போது வருஷா வருஷம் சபீனா நான்கைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறாள், போன வருஷம் அந்தப் பழைய பெண்களிலும் இரண்டு பேர் வந்தார்கள். எல்லோரும் பிடுங்கி முடித்த பிறகு ஆதிகேசவன் கடைசி ஆளாகப் போய்த் துண்டை விரிக்கிறார், ஆளுக்கு ஒரு கை போடுகிறார்கள். அந்த மூலையில் அவர் பிடுங்கினால் இன்றும் பொக்குதான், அதனால் அவர் பிடுங்குவதில்லை. நடுவில் யாராவது சிரித்தால், என்ன சொன்னார்கள் என்று கேட்டு அவரும் சிரிக்கிறார்.